மெல்லிய கம்பியை முறுக்கினால் ஏன் கூடுதலாக எதிர்க்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பியின் இரண்டு முனையையும் பிடித்து அறும்வரை இழுக்கும் சோதனை எல்லோருக்கும் பழக்கம். முறுக்கும் சோதனை அவ்வளவு பேசப்படுவதில்லை. தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளில் இந்த இரண்டு சோதனைகளும் வேறு வேறு பதில் தருகின்றன. அந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. பொருளறிவியல் படிப்பவர்களும், காயில் சுற்றும் வேலை தெரிந்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"அளவு விளைவு" என்றால் என்ன?

ஒரே செம்பில் இழுத்த இரண்டு கம்பிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் விட்டம் 170 மைக்ரான், மற்றதன் விட்டம் 12 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காயில் கடைக் கணக்கில் சொன்னால், கம்பியின் தடிமனைக் குறிக்கும் எஸ்.டபிள்யூ.ஜி. எண்ணில் 40 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி சுமார் 122 மைக்ரான், 50 எஸ்.டபிள்யூ.ஜி. கம்பி 25 மைக்ரான். 12 மைக்ரான் அதிலும் பாதி.

இரண்டு கம்பிகளையும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பாத அளவுக்கு முறுக்குகிறோம். இப்படி நிரந்தரமாகத் தங்கிவிடும் மாற்றத்தைத்தான் பிளாஸ்டிக் உருமாற்றம் என்கிறோம். தடிமனால் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே எதிர்ப்பைக் காட்ட வேண்டும் என்கிறது பழைய கோட்பாடு. ஆனால் மெல்லிய கம்பி ஏறக்குறைய மூன்று மடங்கு எதிர்க்கிறது. உலோகம் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு. அளவு விளைவு என்பது இதுதான்.

மெல்லிய கம்பியை முறுக்குவது சுலபமாயிற்றே! கடினம் என்கிறீர்களே?

கையால் முறுக்கினால் சுலபம்தான், அதில் சந்தேகமில்லை. நான் சொல்லும் மூன்று மடங்கு வேறு கணக்கு.

மீட்சி எல்லைக்குள், அதாவது விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் அளவுக்குள் இருக்கும் கம்பிக்கு 1784-லேயே பிரான்சின் இயற்பியலாளர் கூலும் விதி கண்டுவிட்டார். முறுக்கும் கோணம் ஒன்றாக இருந்தால், தேவையான முறுக்கு விசை விட்டத்தின் நான்காம் மடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையை அடுத்த ஆண்டு அளந்து காட்டிய அவருடைய முறுக்குத் தராசு இந்த விதியை நம்பித்தான் நின்றது.

முழுக்கப் பிளாஸ்டிக் நிலைக்குப் போய்விட்ட கம்பியில் கணக்கு கொஞ்சம் மாறும். வெட்டுமுகத்தின் பரப்பு ஆரத்தின் இரண்டாம் மடி. விசை செயல்படும் கையின் நீளம் ஆரத்தின் முதல் மடி. இரண்டையும் பெருக்கினால் மூன்றாம் மடி. ஆகவே 170 மைக்ரான் கம்பிக்குத் தேவைப்படும் முறுக்கு விசையில் சுமார் 2800-ல் ஒரு பங்கு போதும் 12 மைக்ரான் கம்பிக்கு. இது வெறும் வடிவக் கணக்கு. உலோகத்தைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை.

அதனால் முறுக்கு விசையை ஆரத்தின் மூன்றாம் மடியால் வகுத்துவிட்டு ஒப்பிடுகிறோம். வகுத்த பிறகு மிஞ்சுவது தகைவின் அளவு, அதாவது ஒரு சதுர அலகுக்கு உலோகம் கொடுக்கும் எதிர்ப்பு. 2800-ல் ஒரு பங்கு போதும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதைப்போல மூன்று பங்கு தேவைப்படுகிறது. நான் சொன்ன மூன்று மடங்கு இதுதான்.

பழைய கோட்பாட்டில் அளவு விளைவுக்கு ஏன் இடமே இல்லை?

அந்தக் கோட்பாட்டில் ஒரு நீளம் கூட இல்லாததால்தான். பொறியியல் பாடத்தில் நாம் படிக்கும் பிளாஸ்டிசிட்டி, ஒரு புள்ளியில் தகைவு எவ்வளவு என்பதை அதே புள்ளியில் திரிபு (அசல் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு உருமாறியது என்ற விகிதம்) எவ்வளவு என்பதிலிருந்து சொல்லிவிடும். பக்கத்துப் புள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்காது. அந்த விதியில் உள்ள எண்கள் எல்லாம் தகைவாகவோ வெறும் விகிதமாகவோ இருக்கும். மீட்டராலோ மைக்ரானாலோ அளக்கக்கூடிய எதுவும் அதில் கிடையாது. அளவுகோலே இல்லாத கோட்பாட்டுக்குப் பெரியது எது, சிறியது எது என்று தெரிய வழியில்லை. மேற்பரப்புத் திரிபை ஒரு அச்சிலும், வகுத்த முறுக்கு விசையை மறு அச்சிலும் வைத்து வரைந்தால், எல்லாக் கம்பிகளின் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படியாவிட்டால் கோட்பாட்டில் எங்கோ ஒரு நீளம் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சமன்பாடும் தீர்க்காமல், அலகுகளைப் பார்த்தே கோட்பாட்டின் குறையைச் சுட்டிவிடலாம்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் யார்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஃப்ளெக், முல்லர், மைக்கேல் ஆஷ்பி, இவர்களோடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ஹட்சின்சன். 1994-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைதான் இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். 12 மைக்ரானிலிருந்து 170 மைக்ரான் வரை விட்டமுள்ள செம்புக் கம்பிகளை எடுத்தார்கள். அவற்றை இழுத்தும் பார்த்தார்கள், முறுக்கியும் பார்த்தார்கள்.

இரண்டையும் செய்ததுதான் அவர்களுடைய சாமர்த்தியம். முறுக்கு மட்டும் செய்து மெல்லிய கம்பி வலுவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், கம்பி இழுக்கும் ஆலையில் டை எனப்படும் துளை அச்சு வழியாகப் பல முறை போனதால் இறுகியிருக்கும், மெல்லிய கம்பியின் செம்பே வேறாக இருக்கும் என்று யாராவது எளிதாக மறுத்திருப்பார்கள். இழுவைச் சோதனை அந்த மறுப்புக்குப் பதில் வைத்திருந்தது. இழுத்தபோது மெல்லியதும் தடித்ததும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் போயின. முறுக்கியபோதோ விட்டம் குறையக் குறையக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

அவ்வளவு சின்ன முறுக்கு விசையை எப்படி அளப்பது?

முதலில் அது எவ்வளவு சிறியது என்று பார்ப்போம். 12 மைக்ரான் கம்பி, தகைவு 100 மெகாபாஸ்கல் என்று வைத்தால், முறுக்கு விசை ஒரு நியூட்டன் மீட்டரில் கோடியில் அரைப் பங்கைக் கூட எட்டாது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள துரும்பின் நுனியில் இரண்டு கடுகை வைத்தால் வரும் திருப்பம் அது. சாதாரண முறுக்கு எந்திரத்தில் தாங்கியின் உராய்வே இதைவிடப் பல மடங்கு அதிகம்.

அதனால் கேம்பிரிட்ஜில் கூலும் வழியையே பிடித்தார்கள். செம்புக் கம்பியோடு தொடராக ஒரு கண்ணாடி இழையை இணைத்தார்கள். கண்ணாடி பிளாஸ்டிக்காக உருமாறாது. முறுக்கிய அளவுக்கு நேர் விகிதத்தில் எதிர்க்கும், விட்டால் முழுசாகத் திரும்பும். அந்த இழை எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் கம்பியின் முறுக்கு விசை தெரிந்துவிடும். இருநூறு ஆண்டுக்கு முந்தைய உத்தி இன்றைக்கும் கைகொடுக்கிறது.

இன்னொரு வழி இதைவிட அழகானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இழுக்கும்போது இல்லாத விளைவு முறுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

கம்பியை இழுத்தால் வெட்டுமுகத்தின் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு நீள்கிறது. நடுவில் இருக்கும் அணுவுக்கும் ஓரத்தில் இருக்கும் அணுவுக்கும் வித்தியாசம் இல்லை. முறுக்கினால் அப்படி இல்லை. நட்டநடு அச்சில் திரிபு பூஜ்யம். அங்கிருந்து வெளியே போகப் போகச் சீராக ஏறி, மேற்பரப்பில் உச்சத்துக்கு வரும். இந்த ஏற்றத்தைத் திரிபுச் சரிவு என்று சொல்லலாம்.

மேற்பரப்பில் 10 சதவீதத் திரிபு வரும்வரை இரண்டு கம்பிகளையும் முறுக்குகிறோம். தடித்ததில் பூஜ்யத்திலிருந்து 10 சதவீதத்துக்கு ஏற 85 மைக்ரான் தூரம் இருக்கிறது. மெல்லியதில் அதே ஏற்றத்துக்கு 6 மைக்ரான்தான். மலையின் உயரம் ஒன்று, ஆனால் ஒரு பக்கம் சாய்வான பாதை, மறுபக்கம் செங்குத்து. மெல்லிய கம்பியில் சரிவு 14 மடங்கு கூடுதல். உலோகம் எவ்வளவு திரிகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக இடத்துக்கு இடம் திரிபு மாறுகிறது என்பதும் எதிர்ப்பைத் தீர்மானிக்கிறது. இழுவையில் சரிவு இல்லை, அதனால் கூடுதல் எதிர்ப்பும் இல்லை.

சரிவு இருந்தால் உலோகம் ஏன் இறுக வேண்டும்?

இதற்குப் படிகத்துக்குள்ளே போக வேண்டும். உலோகம் உருமாறுவது டிஸ்லொகேஷன் எனப்படும் கோட்டுக் குறைகள் நகர்வதால். பெரிய ஜமக்காளத்தை அப்படியே தரையில் இழுக்க முடியாது. ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பை எழுப்பி அதைத் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் ஜமக்காளம் ஒரு மடிப்பளவு நகர்ந்திருக்கும். டிஸ்லொகேஷன் படிகத்தின் அந்த மடிப்பு. செம்பில் ஒரு டிஸ்லொகேஷன் கடந்து போனால் நகரும் தூரம் 0.256 நானோமீட்டர். இதற்குப் பர்கர்ஸ் வெக்டர் என்று பெயர்.

டிஸ்லொகேஷன்கள் கூடினால் ஒன்றை ஒன்று மறிக்கும், உலோகம் இறுகும். இயற்பியலாளர் டெய்லரிலிருந்து வரும் இந்தத் தொடர்பில் எதிர்ப்பு அவற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும்.

இனி முறுக்கிய கம்பிக்கு வருவோம். கம்பியை மெல்லிய வில்லைகளின் அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள், நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல. முறுக்கும்போது ஒவ்வொரு நாணயமும் கீழே இருப்பதைவிடச் சற்றே திரும்பி நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு வில்லைகளின் அணு வரிசைகள் நேராகப் பொருந்தாமல் போகின்றன. அந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்டப் படிகத்துக்குள் டிஸ்லொகேஷன்கள் இருந்தே ஆக வேண்டும். வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்ற விஷயமில்லை இது. வடிவமே அவற்றைக் கேட்கிறது. வளைந்த படிகத்துக்கு இந்தக் கணக்கை 1953-ல் ஜான் நை எழுதினார். 1970-ல் ஆஷ்பி இவற்றை, தற்செயலாக மாட்டிக்கொண்டு சேர்பவை என்றும், வடிவத்தின் கட்டாயத்தால் சேர்பவை என்றும் பிரித்துக் காட்டினார்.

கட்டாயத்தால் சேர்பவை எவ்வளவு? தோராயமாகச் சரிவைப் பர்கர்ஸ் வெக்டரால் வகுத்தால் போதும். மேற்பரப்பில் 10 சதவீதத் திரிபு என்றால், 12 மைக்ரான் கம்பியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆறரைக் கோடி. 170 மைக்ரான் கம்பியில் 46 லட்சம். நன்றாக அனீல் செய்த, அதாவது சூடாக்கி இளக்கிய செம்பில் ஏற்கெனவே இருப்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சில ஆயிரங்களிலிருந்து சில லட்சங்கள் வரை இருக்கும் என்பதைப் பார்த்தால், ஆறரைக் கோடி எவ்வளவு பெரிய நெரிசல் என்று புரியும்.

கோட்பாட்டில் விடுபட்ட அந்த நீளம் எவ்வளவு?

செம்புக்கு மேலே சொன்ன 1994 சோதனைகளிலிருந்து வந்தது சில மைக்ரான். கம்பியின் ஆரம் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் பழைய கோட்பாடே போதும். ஆரம் இதற்குப் பக்கத்தில் வந்தால் சரிவைச் சேர்க்க வேண்டும்.

இந்த நீளம் எங்கிருந்து வருகிறது என்று 1998-ல் வில்லியம் நிக்ஸும் ஹுவாஜியன் காவும் ஒரு விளக்கம் தந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கம்பி இல்லை, கூர்முனையால் குத்திக் கடினத்தன்மை அளக்கும் சோதனை. குழி சிறிதாக இருந்தால் உலோகம் அதிகக் கடினமாகத் தெரியும். அதற்கும் காரணம் சரிவுதான். அவர்களின் கணக்கில் நீளம் என்பது பர்கர்ஸ் வெக்டரை, மீட்சிக் குணகத்துக்கும் (உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) தகைவுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. செம்புக்கு அந்த விகிதம் சில நூறு என்றால் வர்க்கம் பல பத்தாயிரம். கால் நானோமீட்டரைப் பல பத்தாயிரத்தால் பெருக்கினால் மைக்ரான்கள் வந்துவிடுகின்றன. அணு அளவில் இருக்கும் ஒன்று கம்பி அளவில் வந்து தெரிவதற்கு இந்தப் பெருக்கல்தான் வழி.

ஒரு எச்சரிக்கை. இந்த நீளத்தை அடர்த்தி போலவோ உருகுநிலை போலவோ ஒரு நிலையான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதப்படுத்திய விதம், எவ்வளவு திரிபு வரை பார்க்கிறோம், எந்தக் கோட்பாட்டைப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். ஒரு கட்டுரையில் படித்த எண்ணை இன்னொரு உலோகத்துக்கு அப்படியே தூக்கிப் போட்டுக் கணினியில் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

படிகத் துகள்களின் அளவு காரணமாக இருக்கலாமே?

நல்ல கேள்வி. இந்தத் துறையில் உள்ள பெரிய தகராறும் இதுதான். சாதாரண உலோகம் ஒரே படிகம் இல்லை. கிரெயின் எனப்படும் சின்னச் சின்னப் படிகங்கள் ஒட்டிக்கொண்ட கூட்டம். கிரெயின் சிறிதானால் உலோகம் வலுவாகும் என்பது 1950-களின் தொடக்கத்திலிருந்து தெரிந்த ஹால்-பெட்ச் விதி. மெல்லிய கம்பியில் கிரெயினும் வழக்கமாகச் சிறியது. அப்படியென்றால் எதிர்ப்பு கூடியது கம்பி மெலிந்ததாலா, கிரெயின் சிறுத்ததாலா?

ஒரு பதில் மறுபடியும் இழுவைச் சோதனைதான். கிரெயின் மட்டும் காரணம் என்றால் இழுக்கும்போதும் அதே மூன்று மடங்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. ஆக, கிரெயின் மட்டும் காரணம் இல்லை. ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வழி, விட்டத்தையும் கிரெயினையும் தனித்தனியாக மாற்றிப் பார்ப்பது. ஒரே விட்டமுள்ள கம்பிகளை வேறு வேறு வெப்பநிலையில் அனீல் செய்தால் கிரெயின் மட்டும் மாறும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனத்தில் தங்கக் கம்பிகளை வைத்து இந்த வகை வேலை நடந்தது. கிரெயின் வளர்ந்து கம்பியின் முழு விட்டத்தையும் அடைத்துக்கொண்டால், கணுக்கணுவாக மூங்கில் போல ஆகிவிடும். ஆய்வாளர்களும் அதை மூங்கில் அமைப்பு என்றே அழைக்கிறார்கள். அப்படிப்பட்ட கம்பியில் ஒரு கணுவும் பக்கத்துக் கணுவும் வேறு வேறு படிகத் திசையில் இருப்பதால், முறுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவாது. ஒரு கணு அதிகம் திரும்பும், அடுத்தது குறைவாகத் திரும்பும். நடுவில் பூஜ்யம், ஓரத்தில் உச்சம் என்ற நம் பாடப்புத்தகப் படம் அங்கே சராசரிக்குத்தான் பொருந்தும்.

என் கருத்து: கிரெயினும் விட்டமும் இரண்டு போட்டிக் காரணங்கள் இல்லை. டிஸ்லொகேஷனுக்கு நகர எவ்வளவு இடம் கிடைக்கிறது என்ற ஒரே கேள்வியின் இரண்டு எல்லைகள்.

விளைவு எப்போது தொடங்குகிறது? முறுக்கத் தொடங்கும்போதேயா, நன்றாக முறுக்கிய பிறகா?

கேட்க எளிதான கேள்வி, அளக்கக் கடினமானது. கட்டாய டிஸ்லொகேஷன்கள் சேர்ந்து சேர்ந்துதான் இறுகுகிறது என்றால், முதல் பிளாஸ்டிக் அசைவின்போது அவை இன்னும் சேர்ந்திருக்காது. எனவே மீட்சி எல்லை எல்லாக் கம்பிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விளைவு பிறகுதான் வளர வேண்டும்.

இதைச் சோதித்தவர்கள் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்ஸ்டனும் அவருடைய குழுவும். அவர்களின் 2009 கட்டுரைதான் நான் பின்னால் சொல்கிறேன் என்று வைத்திருந்த அழகான வழி. முறுக்கு விசையை அவர்கள் நேரடியாக அளக்கவே இல்லை. கம்பியை இத்தனை சுற்று என்று முறுக்குவது, பிறகு விட்டுவிடுவது. கம்பி கொஞ்சம் பின்னால் திரும்பும், மிச்சம் அப்படியே தங்கிவிடும். திரும்பிய அளவு மீட்சிப் பகுதி. அதைக் கூலும் கணக்கில் போட்டால் முறுக்கு விசை வந்துவிடும். தங்கிவிட்ட அளவு பிளாஸ்டிக் பகுதி. கம்பியே தராசாகவும் இருக்கிறது, சோதனைப் பொருளாகவும் இருக்கிறது.

இதன் நுட்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், 10 மைக்ரான் விட்டம். மேற்பரப்புத் திரிபு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. அதற்கு முனை திரும்ப வேண்டிய கோணம் 115 டிகிரி. கண்ணால் பார்க்கலாம்! நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள பெரிய விகிதம் உருப்பெருக்கியாக வேலை செய்கிறது.

அவர்கள் கண்டது, மீட்சி எல்லையே மெல்லிய கம்பியில் உயர்ந்து நிற்கிறது என்பது. அதாவது தொடக்கத்திலேயே விளைவு இருக்கிறது. இறுகும் வீதத்திலும் இருக்கிறது. சேர்ந்து நெரிக்கும் கதை ஒன்றே முழுக் கதை இல்லை என்று இதனால் தெரிந்தது. டிஸ்லொகேஷன் ஒன்று உண்டாகி வளைந்து பெருக இடம் வேண்டும். அதிகத் தகைவு இருக்கும் பகுதி மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டுமே என்றால், அந்த இடத்துக்குள் அதைப் பிறப்பிக்கக் கூடுதல் தகைவு தேவைப்படும். குறைக்கடத்திப் படலங்களில் இதே கருத்து முக்கியத் தடிமன் என்ற பெயரில் முன்பே இருந்தது. ஒரு படலம் இன்ன தடிமனைத் தாண்டினால்தான் டிஸ்லொகேஷன் வரும் என்று மேத்யூஸும் பிளேக்ஸ்லீயும் 1974-ல் காட்டியிருந்தார்கள். கம்பிக்காரர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

முறுக்கிய கம்பியைத் திருப்பி முறுக்கினால்?

ஒரு திசையில் உருமாற்றிய உலோகம் எதிர்த் திசையில் சீக்கிரமே விட்டுக்கொடுக்கும். மியூனிக்கின் யோஹன் பாஷிங்கர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டது இது. மெல்லிய கம்பிகளில் இது இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. சீனாவின் ஊஹான் நகரில் உள்ள ஹுவாஜோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாபோ லியூ, யூமிங் ஹே முதலானோர் டன்ஸ்டனோடு சேர்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவுகளில், முன்னும் பின்னுமாக முறுக்கிய கம்பி, முறுக்கு விசை பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்பே எதிர்த் திசையில் பிளாஸ்டிக்காக நகரத் தொடங்குகிறது. விசை இன்னும் வலப்பக்கமே இருக்கிறது, உள்ளே உலோகம் இடப்பக்கம் போக ஆரம்பித்துவிட்டது.

டிஸ்லொகேஷன்களுக்குக் கூட்டல், கழித்தல் போல இரண்டு குறிகள் உண்டு; கட்டாயத்தால் சேருபவை எல்லாம் ஒரே குறியுடையவை என்பதால் இப்படி ஆகிறது. ஒரே குறியுடையவை ஒன்றை ஒன்று தள்ளும். நெருக்கி வைத்திருந்த கை தளர்ந்ததும் வந்த வழியே திரும்ப ஓடும். சரிவால் வரும் கூடுதல் எதிர்ப்பில் ஒரு பகுதி சேமித்து வைத்த ஆற்றல், இன்னொரு பகுதி வெப்பமாக வீணாவது. எது எவ்வளவு என்பதை ஒரே திசையில் முறுக்கி ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. திருப்பி முறுக்கினால்தான் தெரியும்.

"சிறியது வலியது" என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடலாமா?

வேண்டாம். மெல்லிய கண்ணாடி இழை வலுவாக இருப்பதை 1920-களின் தொடக்கத்தில் கிரிஃபித் விளக்கினார். அங்கே காரணம் விரிசல்கள். சின்ன இழையில் பெரிய விரிசலுக்கு இடம் குறைவு. 2004-ல் மைக்கேல் யூகிக்கும் அவருடைய குழுவும் மைக்ரான் அளவு ஒற்றைப் படிகத் தூண்களை அழுத்தினார்கள். அங்கேயும் சிறியது வலியதாகத்தான் இருந்தது, ஆனால் வெளியிலிருந்து திணிக்கும் திரிபுச் சரிவு எதுவும் அங்கே இல்லை. டிஸ்லொகேஷன் பிறக்கும் ஊற்றுகளின் பற்றாக்குறைதான் அங்கே காரணம். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் மூன்றும் புரியாமல் போகும்.

முறுக்கினால் கம்பியின் நீளம் மாறுமா?

மாறும். மீட்சி நிலையில் நீளம் மிகச் சிறிதளவு கூடுவதைப் பாய்ன்டிங் 1909-ல் அளந்தார். பிளாஸ்டிக் நிலையில் நன்றாகவே நீள்வதை 1947-ல் ஸ்விஃப்ட் காட்டினார். முறுக்குச் சோதனை அமைக்கும்போது ஒரு முனை மேலும் கீழும் அசைய வழி விட வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கோடு அழுத்தமும் சேர்ந்து கம்பி வளைந்து, அளவு கெட்டுவிடும்.

இதெல்லாம் தொழிலில் எங்கே பயன்படும்?

மோட்டார் காயிலுக்கும் வீட்டு வயருக்கும் தேவையில்லை. அந்தக் கம்பிகள் பெரும்பாலும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல், பழைய சூத்திரமே போதும். கால்வனாமீட்டரில் சுருளைத் தொங்கவிடும் பாஸ்பர் வெண்கலப் பட்டைக்கும் தேவையில்லை, அது மீட்சி எல்லைக்குள்தான் வேலை செய்யும்.

சிப்புக்கும் அதன் கால்களுக்கும் இடையே போகும் சுமார் 25 மைக்ரான் தங்கக் கம்பிகள், மைக்ரோ கருவிகளில் இருக்கும் சின்ன உத்திரங்கள் (பீம்கள்), மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கும் நுண்பாகங்கள் ஆகியவற்றில் தேவைப்படும். இவற்றில் முறுக்கைவிட வளைவு அதிகம், ஆனால் வளைவிலும் அதே திரிபுச் சரிவுதான். ஸ்டோல்கனும் எவான்ஸும் 1998-ல் 12.5 முதல் 50 மைக்ரான் தடிமனுள்ள நிக்கல் தகடுகளை வளைத்து, மெலிய மெலிய எதிர்ப்பு கூடுவதைக் காட்டினார்கள். தடித்த மாதிரியில் அளந்த எண்ணை வைத்து இந்தப் பாகங்களை வடிவமைத்தால், அச்சில் அழுத்தி எடுத்த பிறகு அவை எவ்வளவு பின்னால் நிமிரும் என்ற கணக்கு தப்பும்.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

அளவு விளைவைப் பார்க்க முடியாது, அதற்குக் கம்பி இன்னும் மெல்லியதாக வேண்டும். ஆனால் டன்ஸ்டன் வழியைச் செய்து பார்க்கலாம். சாதாரண ஃப்ளெக்சிபிள் வயரின் உறையை உரித்தால் உள்ளே வரும் இழைகளில் பல 0.2 மில்லிமீட்டர் தடிமன். முடிச்சும் நெளிவும் இல்லாத ஓர் இழையில் 10 சென்டிமீட்டர் எடுத்து, மேல் முனையை அசையாமல் பிடித்துக் கட்டுங்கள். கீழ் முனையில் ஒரு சின்ன நட்டும், கிடையாக ஒரு துடைப்பக் குச்சியும் ஒட்டுங்கள். குச்சிதான் முள். இழையின் நீளத்துக்கு மார்க்கரால் நேர்கோடு ஒன்று போட முடிந்தால் இன்னும் நல்லது.

மெதுவாக ஒரு கால் சுற்றில் கால்வாசி திருப்பி விடுங்கள். முள் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வரும். பிறகு அரைச் சுற்று, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் எவ்வளவு திரும்பி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு மேற்பரப்புத் திரிபு 0.6 சதவீதம். பத்துச் சுற்று முறுக்கி விட்டாலும், என் கணக்குப்படி திரும்பி வருவது அரைச் சுற்றுக்குள்தான் இருக்கும். மிச்சம் ஒன்பதரைச் சுற்றும் கம்பியிலேயே தங்கிவிடும், மார்க்கர் கோடு இழையைச் சுற்றி ஏறும் படிக்கட்டாக நிற்கும். திரும்பி வரும் அந்த அரைச் சுற்றுதான் உங்கள் முறுக்கு விசை. முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்து பிறகு குறியுங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு.